அண்ணையின் தக்ஸ் வேலி

பெயரை எழுதக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

"எழுதும் தம்பி, ஆனா பேரைப் போட்டிராதையும். அதைப் பாத்திட்டு இந்த மனுசன் எஸ்பியர்க்கிலயிருந்து ரயிலெடுத்து வந்து உமக்குச் சமைச்சுத் தரத் தொடங்கிடும்."

டென்மார்க்கில் எஸ்பியர்க்கிலிருந்து நான் இருக்கும் ஒடென்சேக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். வரக்கூடியவர்தான். அந்த ஆபத்தை ஒன்பது கிழமை, முழுதாக அறுபத்து மூன்று நாள், அனுபவித்தவன் நான். ஆகவே இதில் அவர் அண்ணை, அவருடைய மனைவி அக்கா. மகளோடு இருக்கவென்று எஸ்பியர்க்குக்குப் போகும்வரை அவர்கள் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். நான் முதலாம் மாடி. இடையில் முப்பத்தாறு படிகள். ஒவ்வொரு படியிலும் அவருடைய செருப்புச் சத்தத்தை நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் அந்தச் சத்தம் பெரும்பாலும் என் வீட்டை நோக்கித்தான் வரும்.

அண்ணைக்கு எல்லாம் தெரியும். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். காயத்துக்குக் கட்டுப் போடுவார், டேனிஷ் கிழவிகளுக்குப் பின்னல் போடுவார், யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் சொல்லுவார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. எதையும் சும்மா விடத் தெரியாது.

பேருந்தில் யாராவது தூங்கி விழுந்தால் தட்டி எழுப்பி, எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று கேட்பார். அந்த மனிதர் கடைசித் தரிப்பு என்று சொன்னால், "அப்ப வடிவாப் படும்" என்று டேனிஷில் சொல்லி, கழுத்துக்குத் தன் சால்வையை மடித்து வைப்பார். எனக்குக் கண்ணில் புரை எடுத்த அன்று பார்க்க வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். பதினொரு தடவை தலையணையைச் சரி செய்தார். நான் படுத்திருக்கவில்லை, கதிரையில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு பழைய கப்பற்காரர் இருந்தாராம். அண்ணை வரும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிச் செத்தவர் மாதிரிக் கிடப்பாராம். அண்ணை விடுவாரா? உடனே நாடி பிடித்துப் பார்ப்பார். நாடி நன்றாக இருந்தால் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, எழுப்பி, ஓட்ஸ் கஞ்சி பருக்கிவிட்டுத்தான் போவார். அந்தக் கப்பற்காரர் தொண்ணூற்றேழு வயது வரை இருந்தார். சாக விடவில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கவனிப்பு முழுவதும் அக்கா ஒருவரின் மேல் விழுந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அக்கா, அண்ணையிடம் சொல்லாமலே நகரத்து எல்லையில் இருக்கும் தோட்டச் சங்கத்தில் பெயரைப் பதிந்தார். டேனியர்கள் கொலோனிஹேவ் என்பார்கள். சிறு சிறு துண்டு நிலம், ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில். வாடகைக்கு எடுத்துப் பயிர் வைக்கலாம். நான்கு வருடம் காத்திருந்த பிறகு ஒரு துண்டு கிடைத்தது.

அண்ணை அங்கே கண்ணாடிக் குடில் வைத்தார். மிளகாய், கத்தரி, கீரை, பூசணி. பதினான்கு வீடுகளுக்குப் பச்சைமிளகாய் போனது. அக்காவுக்கு நாளில் ஆறு மணி நேரம் நிம்மதி கிடைத்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு விதியைத் தவிர. பெரிய பாதையைப் பார்த்த பக்கம் பன்னிரண்டு மீற்றருக்குத் தக்ஸ் வேலி இருக்க வேண்டும், அது உயிருள்ளதாக, இடைவெளி இல்லாததாக இருக்க வேண்டும் என்று சங்கம் எழுதி வைத்திருந்தது.

தக்ஸ் என்பது ஆங்கிலத்தில் யூ என்கிற மரம். பனியிலும் பச்சையாக நிற்கும். ஊசி போன்ற சிறு இலை. விட்டால் பல நூறு வருடம் வாழும் மரமாகும், வெட்டி வெட்டி வைத்தால் சுவர் போன்ற வேலியாகும். நாற்றுப் பண்ணைக்கு நானும் கூடப் போனேன். அண்ணை கேட்ட முதல் கேள்வி, இதில் எதைச் சமைக்கலாம் என்பது.

பண்ணைக்காரர் பயந்துபோனார். "இலை நஞ்சு, பட்டை நஞ்சு, விதை நஞ்சு. சிவப்புப் பழத்தின் சதை மட்டும் நஞ்சில்லை. ஆனால் அதற்குள்தான் விதை இருக்கிறது. ஆகவே எதையும் வாயில் வைக்காதீர்கள்."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஒண்டுக்கும் உதவாததை என்னத்துக்குத் தம்பி இவங்கள் வளக்கிறாங்கள்?"

"வேலிக்கு அண்ணை."

"வேலியெண்டால் ஒரு கிளுவையாவது, ஒரு முள்முருக்காவது... ஆட்டுக்காவது ஆகும்."

ஆனாலும் வாங்கிவிட்டார். வாங்கிய கணத்தில் அது அவருடைய பொறுப்பாகிவிட்டது. அதுதான் பிரச்சினை.

யாழ்ப்பாணத்தில் வெங்காயம் வைத்த கை அது. நிலத்தைத் தாழ்த்தி, வரம்பு உயர்த்திப் பாத்தி கட்டினார். குழாயடியிலிருந்து வாய்க்கால் வெட்டினார். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை தண்ணீர் விட்டார். வெங்காயம் சிரித்திருக்கும். ஆனால் ஒடென்சே மண் களிமண். விட்ட தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நின்றது. ஜூன் மாதம் ஒரு வாத்து வந்து அதில் நீந்தியதை நானே பார்த்தேன். போதாததற்கு மீன் கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். ஐந்து பூனைகள் வேலியோரம் குடிவந்தன. இலைகள் மஞ்சளாகின. "சத்துக் காணேல்ல" என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். மஞ்சள் பழுப்பாகியது.

அடுத்த வசந்தத்தில் எண்ணினேன். நாற்பதில் முப்பத்தெட்டு செத்துவிட்டன. கடைசி இரண்டு மட்டும் பச்சையாக நின்றன. வாய்க்கால் வாட்டம் சரியில்லாததால் தண்ணீர் அந்த இரண்டையும் எட்டவில்லை.

"அண்ணை, இதிலயிருந்து என்ன விளங்குது?" என்று கேட்டேன்.

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவங்கள். ஒரு சொட்டுத் தண்ணியில்லாமலே தாக்குப் பிடிச்சிருக்குதுகள்." வாளியை எடுத்துக்கொண்டு அந்த இரண்டையும் நோக்கிப் போனார். அவை மூன்று கிழமையில் செத்தன.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இலையுதிர் காலத்துக்குள் திரும்ப நட வேண்டும். அடுத்த ஆகஸ்டில் வந்து பார்ப்பார்கள். அப்போது ஓர் இடைவெளி இருந்தாலும் நிலம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அண்ணை இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் முப்பத்தாறு படி ஏறிப் போனேன். மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருசம் நாடி பிடிச்ச கை தம்பி இது. ஒருத்தரையும் கவனிப்பில்லாமல் சாக விடேல்ல. நாப்பது செடியைச் சாகக் குடுத்திட்டன். அந்த நிலமும் போச்செண்டால் நான் என்னத்தைப் பாக்கிறது?"

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வியின் பதில் தெரியும். முகம் வெளிறியிருந்தது.

பண்ணைக்காரரிடம் செத்த செடி ஒன்றைக் கொண்டுபோனோம். அவர் வேரை முகர்ந்துவிட்டுத் தந்தார். கறுத்துப்போய், அழுகல் மணம். "இது மூழ்கிச் செத்திருக்கிறது" என்றார். பிறகு விரல் விட்டுச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். களிமண்ணானால் பள்ளம் வேண்டாம், மேடு கட்டிச் சரளை மணல் கலந்து நட வேண்டும். வேர் முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். நட்ட அன்றைக்கு நிறையத் தண்ணீர். பிறகு மழையில்லாத கிழமைகளில் மட்டும், கிழமைக்கு ஒருமுறை. வெயிலும் ஒன்றுதான், நிழலும் ஒன்றுதான். முதல் வருடம் கத்தரிக்க வேண்டாம்.

"அதற்குப் பிறகு?" என்று கேட்டார் அண்ணை.

"அதற்குப் பிறகு அதை மறந்துவிடுங்கள்."

அண்ணையும் நானும் பேருந்துக்கு நடந்தோம். பேருந்தில் ஏறிய பிறகு, "உயிருள்ள ஒண்டை மறக்கச் சொல்லுறான், பாத்தீரோ" என்றார்.

செப்டெம்பரில் நட்டோம். இருபத்தைந்து சென்ரிமீற்றர் மேடு. அளவு நாடாவை நானே பிடித்தேன். நாற்பது செடி என்றால் இடைவெளி முப்பத்தொன்பது. ஒவ்வொன்றும் முப்பது சென்ரிமீற்றர். ஆகப் பதினொரு மீற்றர் எழுபது. மிச்சத்தை இரண்டு முனைக்கும் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தேன். அண்ணை ஒவ்வொரு செடியையும் வைக்கும்போது மண்ணை அமுக்கி, முதுகில் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். நாற்பது தட்டு.

டிசெம்பரில் பனி விழுந்தபோது அவர் செய்ததைச் சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளின் பழைய ஸ்வெற்றர், கழுத்துத் துணி, கம்பளிச் சப்பாத்து என்று கொண்டுவந்து நாற்பது செடிக்கும் உடுத்திவிட்டார். சங்கத் தலைவி அந்த வழியால் நடந்து வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நெடிய உருவம், எப்போதும் கையில் ஓர் அட்டையும் பேனையும். வேலியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

"இவை டென்மார்க்கில் பிறந்த செடிகள்" என்றார். "குளிர் இவற்றுக்குத் தெரியும்."

"என் பிள்ளைகளும் டென்மார்க்கில்தான் பிறந்தார்கள்" என்றார் அண்ணை. "அவர்களுக்கும் குளிர்கிறது."

தலைவி பேனையைத் திறந்தார். அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

ஏப்ரலில் அண்ணை வாளியைத் தேடத் தொடங்கினார். அக்கா அதை ஒளித்தார். அண்ணை சமையல் சட்டியில் மொண்டு போனார். அன்று அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, அவருக்குப் பாக்க ஒண்டு வேணும். செடியைப் பாக்காமல் விடவேணுமெண்டால் வேற ஒண்டைக் குடுக்கவேணும். நீர் கொஞ்ச நாள் வருத்தக்காரன் மாதிரிப் படுத்துக் கிடவும்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையக்கா. பிரஷர் மட்டும் கொஞ்சம்."

"முதுகுப் பிடிப்பெண்டு சொல்லும். அதை ஒருத்தரும் சோதிச்சுக் கண்டுபிடிக்கேலாது."

"எத்தினை நாளைக்கு?"

"வேர் பிடிக்கிறவரைக்கும்."

மனைவி போன பிறகு நான் தனியாக இருக்கிறேன். மறுக்க ஒரு நல்ல காரணம் அகப்படவில்லை. படுத்தேன். பதினேழு நிமிடத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அந்த ஒன்பது கிழமையை எப்படிச் சொல்வது? காலை பத்து மணிக்கு ஃப்ளாஸ்க்கில் ரசம். முதுகுக்கு நல்லெண்ணெய். எழும்பினால் "ஆர் உம்மை எழும்பச் சொன்னது?" என்று அதட்டல். என் தலையணைகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஏழானது. நான் யன்னலோரம் நிற்பதைக் கீழே இருந்து கண்டு மேலே ஓடி வந்தார். ஒருநாள் நான் தூங்குவதுபோல் நடித்தேன். அவர் நாடி பிடித்துப் பார்த்தார். கப்பற்காரரின் வேதனை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அறுபத்து மூன்று நாளில் அறுபத்தொரு ஃப்ளாஸ்க் ரசம் வந்தது. மற்ற இரண்டு நாளும் அவர் பேத்தியின் பிறந்தநாளுக்கு எஸ்பியர்க் போயிருந்தார். அந்த இரண்டு நாளும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பத்து மணிக்குப் பிறகு நான் படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

உறைப்புக் காரணமாகப் பாதி ரசத்துக்கு மேல் என்னால் குடிக்க முடியவில்லை. மிச்சத்தோடு ஃப்ளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அண்ணை முகம் சுளிப்பார், ஆனால் வாங்கிக்கொண்டு போவார்.

அக்கா அந்த நாட்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். மழையில்லாத ஐந்து கிழமைகளில் ஐந்தே தடவை தண்ணீர் விட்டார். தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று அண்ணையிடம் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தார். மே மாத நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நுனியெல்லாம் இளம்பச்சையா வெடிச்சிருக்கு. தையல் நாடாவால அளந்தனான். நாலு சென்ரிமீற்றர்." நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். உடனே படுக்க வைக்கப்பட்டேன்.

ஜூனில் வேர் பிடித்துவிட்டதென்று அக்கா சொன்ன அன்றே என் முதுகு குணமானது. ஆகஸ்டில் சோதனை நாள் வந்தது. காலை பத்து மணிக்கு வருவார்கள். நானும் அக்காவும் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணை ஏழு மணிக்கே சைக்கிளில் போய்விட்டார். தோட்டத்து வாசல் படலையடியில் கையில் ஒரு தக்ஸ் செடியோடு நின்றார். செடி பழுப்பு நிறம். வேர் கறுப்பு. வேலியில் மூன்றாவது இடத்தில் ஒரு குழி.

"ஏன் புடுங்கினீங்கள்?" என்று அக்கா கத்தினார்.

"நிறம் மாறியிருந்தது. என்னெண்டு பாப்பமெண்டு தொட்டனான். கையோட வந்திட்டுது."

"அண்ணை, மற்ற முப்பத்தொன்பதும் நல்லா நிக்குது. இது மட்டும் எப்படி?"

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்துச் சொன்னார். "உம்மட ரசந்தான் தம்பி. நீர் பாதியை வைப்பீர். கொட்ட மனம் வரேல்ல. வீட்டிலயிருந்து இங்கால ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவன். உள்ளுக்கு வரேல்ல, சத்தியத்தை மீறேல்ல. படலைக்கு வெளியில நிண்டு எட்டினால் இதுவரைக்குந்தான் கை எட்டும். இது கொஞ்சம் நோஞ்சானாயும் நிண்டது."

"அறுபத்தொரு நாளுமோ?"

"சுடச்சுட ஊத்தேல்ல. ஆறினாப் பிறகுதான்."

உப்பும் புளியும் மிளகும் சேர்ந்த முப்பதரை ஃப்ளாஸ்க். தக்ஸ் வேர் செத்தாலும் இலை பல கிழமைக்குப் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் அக்காவும் கவனிக்கவில்லை. குடித்துத் தொலைத்திருந்தால் அந்தச் செடி இருந்திருக்கும் என்பது எனக்கு நெஞ்சை உறுத்தியது. நேரம் ஒன்பது நாற்பத்தைந்து.

"பக்கத்து வேலியில ஒரு கொப்பை முறிச்சு நட்டால்?" என்றார் அண்ணை.

"களவு அண்ணை. அதோட தலைவி இழுத்துப் பாப்பா."

தூரத்தில் தலைவியும் சங்கத்துக்காரர் இருவரும் பாதையில் திரும்புவது தெரிந்தது. அண்ணை செத்த செடியை அக்காவிடம் கொடுத்தார். தன் கரும்பச்சை மழைச்சட்டையைக் கழுத்துவரை பூட்டினார். மேட்டில் ஏறி, குழிக்குள் இரண்டு காலையும் வைத்து, பாதையைப் பார்த்து நின்றார்.

செடிகளின் உயரம் அறுபது சென்ரிமீற்றர். அண்ணை ஒரு மீற்றர் அறுபத்தெட்டு. எதையும் மறைத்ததாகச் சொல்ல முடியாது.

தலைவி எங்களுக்கு எதிர் முனையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு செடியையும் பேனையால் தொட்டு, சிலதை மெல்ல இழுத்துப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். நானும் வாய்க்குள் எண்ணினேன். குடிலுக்கு முன் மேசையில் கோப்பியும் அக்கா மாவில் மடித்துப் பொரித்த மீன் பற்றிஸும் இருந்தன. சங்கத்துக்காரர் ஒருவருக்குக் கோப்பிக் குடுவையைத் திறக்கத் தெரியவில்லை. திருகினார், தட்டினார், குலுக்கினார். அண்ணையின் கை இரண்டு தடவை உயர்ந்து இரண்டு தடவை தாழ்ந்தது. மற்றவருடைய தாடியில் பற்றிஸ் துணுக்கு ஒட்டியிருந்தது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். அசையவில்லை.

தலைவி முப்பத்தேழைத் தொட்டு, அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் நகர முடியுமா?"

"முடியாது" என்றார் அண்ணை. "முழங்கால்."

"கதிரை கொண்டுவரச் சொல்லவா?"

"வேண்டாம். என்னைச் சும்மா விடுங்கள்."

இருபது வருடப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைவி குனிந்து அவருடைய சப்பாத்தைப் பார்த்தார். சப்பாத்து கணுக்கால்வரை மண்ணுக்குள் இருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த செடியிலிருந்து பழுப்பு ஊசிகள் புல்லில் கொட்டிக்கொண்டிருந்தன.

"இதற்கு நிறையத் தண்ணீர் விடுகிறீர்களா?" என்று பேனையால் அண்ணையைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை. தொடுவதே இல்லை" என்றார் அண்ணை.

தலைவி மிச்சம் இரண்டையும் தொட்டார், எழுதினார், இரண்டு பற்றிஸ் சாப்பிட்டார், போனார். எல்லாமாக இருபத்தேழு நிமிடம். அவர்கள் பாதையில் மறைந்த பிறகும் அண்ணை இறங்கவில்லை.

"போட்டினம் அண்ணை. இறங்குங்கோ."

"திரும்பிப் பாத்தாலும் பாப்பா. பொறும்."

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. அண்ணை அதை உடைக்கப் பயந்து, முப்பத்தாறு படி இறங்கி என்னிடம் கொண்டுவந்தார். கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வேலி ஏற்றுக்கொள்ளப்பட்டது, நிலம் தொடர்ந்தும் உங்களுடையது, உயிருள்ள செடிகள் நாற்பது.

அண்ணை நெஞ்சில் கை வைத்து நின்றார். சிறிது நேரத்தில் முகம் மாறியது.

"நாப்பதோ? முப்பத்தொன்பதெல்லே நிண்டது. மனுசி பிழையா எண்ணிப்போட்டுது தம்பி. எழுதித் திருத்துவமோ?"

"பிழையில்லை அண்ணை" என்றேன். "அண்டைக்கு நானும் எண்ணினனான். நாப்பதுதான்."